முள் என்று எழுதியவன் நான்

நான் ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஆஸ்பத்திரியில் ஊசிக்கு இரண்டு பெயர். மருந்தோடு உடம்புக்குள் போகும் வரைக்கும் அது ஊசி. வெளியே வந்து குப்பைக்குப் போகும்போது முள்ளு. இதை யாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. வார்டைக் கூட்டித் துடைக்கும் பெண்கள் வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கத்துக் காடுதோட்டங்களிலிருந்தும் தறிக் கொட்டகைகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு ஊசி என்றால் காய்ச்சல் இறங்க நர்ஸ் போடுவது. கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து கையில் ஏறுவது எதுவாக இருந்தாலும் முள்ளு. "பாத்து அள்ளு, முள்ளு கெடக்கும்" என்று அவர்கள் சொல்லிச் சொல்லி நர்சுகளுக்கும் அந்தப் பேச்சே வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது.

அந்தச் சொல்லை நான் ஒரு நோட்டில் எழுதினேன். அதனால் நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பதினேழு வயதில் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி சத்தீஸ்கர் வரைக்கும் போய் பூமியில் ஓட்டை போட்டிருக்கிறேன். வலது காது மந்தமானது அதில்தான். பிறகு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கினேன். மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டினேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டருக்குத் தகரம் பிடித்தேன். எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. அவர்கள் துரத்தியது பாதி, நானாக எழுந்து போனது பாதி.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் நான் முதலில் அந்த இடத்தைத் தாண்டிப் போனபோது அங்கே மரவள்ளிக் காடு இருந்தது. அடுத்த முறை வேலி. அதற்கடுத்த முறை ஆறு மாடி. இப்போது பஸ் ஸ்டாப்புக்கே ஆஸ்பத்திரியின் பெயர்தான், கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. எதிர்வரிசையில் மருந்துக் கடைகள், லேப், ஸ்கேன் சென்டர், நர்சுப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல், அவர்களுக்கு யூனிபார்ம் தைக்கும் கடை, நோயாளியோடு வந்தவர்கள் சாப்பிடும் இட்லிக் கடை, புளியமரத்தடியில் வரிசையாகத் தனியார் ஆம்புலன்ஸ். தறி ஓட்டியவன் செக்யூரிட்டி ஆனான். சவ்வரிசி மில்லில் மாவு காயவைத்தவள் வார்டு ஆயா ஆனாள். பையனை இன்ஜினியரிங் படிக்கவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பெண்ணை நர்சிங்கில் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது பெரிய முதலாளி யார் என்று கேட்டால் நான் நோய் என்றுதான் சொல்வேன். வீட்டில் ஒருவர் சம்பளம் வாங்கும் அதே கட்டடத்தில் இன்னொருவர் காட்டை விற்றுக் கொண்டுபோய்க் கட்டுகிறார்.

ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் எங்களையும் யூனிபார்மோடு வரச் சொல்லியிருந்தார்கள். பின்வரிசை நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாது. மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர், இந்த நிறுவனத்தால் இந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்று ஒரு கணக்குச் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் இடது காதுப் பக்கம் சாய்ந்தார்.

"ஏந் தம்பி, அந்தக் கணக்குல நம்மளும் சேத்திங்களா?"

"ஆமாக்கா, எல்லாரையும் சேத்துத்தான் சொல்றாங்க."

"அப்பக் கையத் தட்டு."

தட்டினோம்.

அந்த அக்கா வெண்ணந்தூர்ப் பக்கம். ஆண்கள் பொது வார்டைக் கூட்டித் துடைப்பவர். இருபது வருடம் விசைத்தறியில் நின்றவர். தறிகளை இரும்பு எடைக்குப் போட்ட பிறகு இங்கே வந்தார். வீட்டுக்காரர் இல்லை. ஒரே பெண் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் இந்த வேலை. எனக்கும் அக்காவுக்கும் பழக்கமானது சண்டையில். அவர் துடைத்த தரையில் என் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கோடு போடும்.

"ஊரே காஞ்சு கெடக்குது. உன்ற வண்டிக்கு மட்டும் எங்கிருந்து சாமி சேறு கெடைக்குது?" என்பார். மறுபடி துடைப்பார். நான் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவேன்.

குத்தியது ஒரு காலை நேரத்தில். ஷிப்ட் மாறி அரை மணி நேரம் ஆகியிருந்தது. போட்டு முடித்த ஊசிகளைப் போடுவதற்கென்று வெள்ளை டப்பா ஒன்று உண்டு. கெட்டி பிளாஸ்டிக், ஊசி அதைத் துளைத்து வெளியே வராது. அந்த டப்பா வார்டில் தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கேட்டால் "எழுதிப் போட்டாச்சு, வரும்" என்றார்கள். அதுவரைக்கும் காலி சலைன் பாட்டிலில் போட்டார்கள். அதுவும் நிரம்பிவிட்டது. அன்று வார்டில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ், வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண். கூட இருக்க வேண்டியவளை ஐ.சி.யூ.வுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது, இன்னொருவர் டிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறார். இரண்டு மூன்று பேருக்குப் போட்ட ஊசிகளை அந்தப் பெண் பக்கத்திலிருந்த மஞ்சள் பையில் போட்டுவிட்டாள். ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் போடுகிற பை அது.

ஒருவரை ஸ்கேனுக்குக் கூட்டிப் போக நான் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றிருந்தேன். அக்கா பையின் காற்றை அமுக்கி வெளியேற்றி வாயைக் கட்டினார். சட்டென்று கையை உதறினார். கையுறையைக் கழற்றினார். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஒரு துளி ரத்தம்.

"முள்ளு ஏறிருச்சு சாமி" என்றார். தரையில் கறையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நர்சுப் பெண் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குழாய்க்கு இழுத்துப் போனாள். சோப்புப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டாள்.

"அக்கா, சீக்கிரம் மாத்திரை போடணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லது. அது யாருக்குப் போட்ட ஊசின்னு எனக்கே தெரியலக்கா."

"என்ன மாத்திரை கண்ணு?"

"எச்.ஐ.வி. வராம இருக்கறதுக்கு."

அக்கா குழாயை மூடினார். ஈரக் கையைச் சேலையில் துடைக்கப் போய், நிறுத்தி, அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.

மாத்திரை வேண்டுமென்றால் முதலில் அந்த மாடியில் இருக்கும் விபத்து நோட்டில் எழுத வேண்டும். அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். பேனாவை என்னிடம் கொடுத்தார். நான் "ஊ" என்று ஆரம்பிக்கும் முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசின்னு எழுதாத சாமி. எந்தப் புள்ள போட்டதுன்னு கேப்பாங்க. என்ற புள்ள வயசுதான் இருக்கும். முள்ளுன்னே எழுதீரு. நம்மாளுங்களுக்கு வெளங்கும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. குப்பைப் பை கட்டும்போது கையில் முள் குத்திவிட்டது என்று எழுதினேன். கொட்டகைப் பேச்சுக்கு முள்ளு, எழுத்துக்கு முள் என்று திருத்தமாகவே எழுதினேன். அக்கா கீழே கையெழுத்துப் போட்டார்.

நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் ஏஜென்சி சூப்பர்வைசரிடம் போனோம். எங்களை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது ஒரு ஏஜென்சி. அதன் ஆள் இவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். இரண்டு போன் வைத்திருப்பான்.

"நான் ஆள் அனுப்பறவன்தாண்ணா. குத்துனது அவங்க பில்டிங்ல. மேல ஆபீஸ்ல கேளுங்க."

ஆபீஸ் நாலாவது மாடி. லிப்டில் எங்கள் நிற யூனிபார்ம் ஏறக் கூடாது. படியேறிப் போனோம். ஏ.சி. அறையில் ஒரு மேடம் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரவும் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

"இவங்க நம்ம ஸ்டாப் இல்லைங்களே. ஏஜென்சி ஆள். அவங்கதான் பாக்கணும்."

"அவர்தான் இங்க அனுப்புனாருங்க" என்றேன்.

மேடம் நோட்டை வாங்கிப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முள் குத்துனதுக்கு எதுக்குங்க அந்த மாத்திரை? தோட்டத்துல வேலை பாத்தாங்களா?"

"முள்ளுன்னா ஊசிங்க மேடம். இங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்ப ஊசின்னு எழுதியிருக்கணுமில்லைங்களா. ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைத்தான் நான் பாக்க முடியும். வேணும்னா கீழ ஓ.பி. சீட்டுப் போட்டு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. ஸ்டாப்புக்குச் சலுகை உண்டு. இவங்க ஸ்டாப்ல வர மாட்டாங்க, அதனால முழுசாக் கட்டணும்."

சுவரில் கடிகாரம் இருந்தது. குத்தி ஒரு மணி நேரம் ஆகப் போகிறது. நான் எழுதியதை வைத்தே எங்களை மடக்கிவிட்டார்கள் என்று எனக்குப் புரியவே அவ்வளவு நேரம் பிடித்தது. விழா மேடையில் நாங்கள் அவர்கள் ஆட்கள். கையில் குத்தினால் ஏஜென்சி ஆட்கள். ஏஜென்சிக்கோ நாங்கள் பில்டிங்கின் ஆட்கள். தறியில் விரல் போனால் தறி யாருடையது என்று தெரியும். ரிக்கில் பைப் விழுந்து கால் போனால் வண்டியின் நெற்றியிலேயே முதலாளியின் குலசாமி பெயர் எழுதியிருக்கும், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். நான் பார்த்த முதலாளிகளில் கருணைக்காரர் யாரும் இல்லை. ஆனால் "நீ யாருடைய ஆள்" என்று அடிபட்டவனிடமே கேட்டவரும் இல்லை. இத்தனை பேருக்கு வேலை கொடுத்துவிட்டு ஒருவருக்கும் முதலாளி இல்லாமல் இருக்கிற வித்தையை இந்தத் தொழிலில்தான் பார்த்தேன்.

கதவைத் தட்டிக்கொண்டு அந்த நர்சுப் பெண் வந்தாள். படியேறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஊசிதான் மேடம். நான்தான் மஞ்சப் பையில போட்டேன். டப்பா நாலு நாளா இல்ல."

"வார்டுல இப்ப யார் இருக்காங்க?"

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டுக்கும் சேத்து எக்ஸ்ப்ளனேஷன் எழுதிக் குடுங்க. வார்டை விட்டு வந்ததுக்கு, ஊசியைத் தப்பாப் போட்டதுக்கு."

டப்பா ஏன் இல்லை என்பதற்கு யாரிடம் விளக்கம் கேட்பார்கள் என்று நான் கேட்டேன். அது வேறு டிபார்ட்மென்ட் என்றார் மேடம்.

அப்போது அக்கா நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார். "அந்தப் புள்ளய உட்ருங்கம்மா. முள்ளுதான் குத்துச்சு. எனக்கு மாத்திரை வேண்டாமுங்க" என்றார்.

என் கோபம் அந்த மேடத்தின் மேல்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்கா மேல் போயிற்று. ஏ.சி. அறை என்றும் பார்க்காமல் கத்தினேன். "உங்க புள்ளைக்கு நாளைக்கு ஆரு இருக்கறாங்கன்னு நெனச்சுப் பேசறீங்க? நடங்கக்கா." அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் படியில் இறக்கினேன். ஸ்ட்ரெச்சர் வார்டு வாசலிலேயே நின்றது. ஸ்கேனுக்குப் போக வேண்டியவர் என்ன ஆனார் என்று அன்று நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் முக்கால்வாசி நர்சிங் மாணவிகள். வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கைக்குக் கை முறுக்குப் பொட்டலம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் பெண் அதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கம்பியைப் பிடித்தார். குத்திய கையைச் சேலைக்குள் வைத்திருந்தார்.

"உன்ற வேலை போயிரும் சாமி."

"எத்தனையோ போயிருக்குது. இது போனா என்ன?"

"என்ற புள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது. பரீட்சை இருக்குது அவளுக்கு."

"சரிங்கக்கா."

"சத்தியமாச் சொல்லு."

"அதான் சரிங்கறனே."

அங்கே அவசரப் பிரிவில் இருந்தது ஒரு டாக்டரம்மா. கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டே கேட்டார். பழக்கதோஷம், அக்கா "முள்ளு குத்திருச்சுங்க" என்றார்.

"என்ன முள்ளும்மா? கருவேலமா?"

"ஊசிங்க, ஊசி" என்று நான் குறுக்கே விழுந்தேன். "ஆஸ்பத்திரில போட்ட ஊசிங்க. குப்பைல கெடந்தது. ஆருக்குப் போட்டதுன்னு தெரியாது."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அக்காவின் கையை வாங்கிப் பார்த்தார். "எங்கம்மா வேலை பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரிலங்க."

"ஆஸ்பத்திரியில குத்துனதுக்கு அங்கயே பாக்காம எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஸ்டாப், ஏஜென்சி, ரெக்கார்டு எல்லாவற்றையும் சொல்லலாம்தான். சொன்னால் எங்களுக்கே அசிங்கம் என்பது போல இருந்தது. டாக்டரம்மாவும் மறுபடி கேட்கவில்லை. எந்தக் காகிதமும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். முதல் மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்க வைத்தார். குத்தி இரண்டு மணி நேரம் தாண்டிக் கால் மணி ஆகியிருந்தது. மூன்று நாளுக்குள் போட்டாலே பலன் உண்டு, சீக்கிரம் வந்தது நல்லது, பயப்பட வேண்டாம் என்றார். ஒரு மாதம் தினமும் மாத்திரை. பிறகு இரண்டு முறை ரத்தம் பார்க்க வேண்டும், கடைசி முறை மூன்று மாதம் கழித்து.

மறுநாள் காலையில் ஒவ்வொரு மாடிக்கும் வெள்ளை டப்பா வந்துவிட்டது. அடுக்கடுக்காக. ஒருவர் வந்து ஒவ்வொரு வார்டிலும் டப்பாவைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாளாக வராதது ஒரே ராத்திரியில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விபத்து நோட்டையும் காணோம். முள் என்பதை அடித்து ஊசி என்று எழுதத்தான் அதைத் தேடினேன். இனிமேல் கம்ப்யூட்டரில்தான் பதிவு, ஸ்டாப் நர்ஸ் மட்டும்தான் எழுதலாம், இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றார்கள். அந்த நர்சுப் பெண்ணுக்குப் பயிற்சிக் காலத்தை நீட்டிவிட்டார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொண்டே அவளைத் தனியாக வார்டில் விடுவது மட்டும் நிற்கவில்லை. எனக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.

மாத்திரை அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டே ஓரமாகப் போய் வாந்தி எடுப்பார், கழுவுவார், திரும்பி வந்து துடைப்பார். ஒரு நாள் அதை நோயாளியின் சொந்தக்காரர் யாரோ பார்த்துப் புகார் சொல்லிவிட்டார்கள்.

"சுத்தம் பண்றவங்களே இப்படிப் பண்ணா எப்படிக்கா? நல்லாயிட்டு வாங்க, பாக்கலாம்" என்றான் சூப்பர்வைசர்.

உடம்பு தேறி அக்கா போனபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். அதற்கும் கடிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. சேர்த்ததற்கே காகிதம் இல்லாதபோது நிறுத்தியதற்கு எங்கே இருக்கும்? அக்கா அதே சாலையில் சின்னதாக இருந்த இன்னொரு ஆஸ்பத்திரியில் கூட்டப் போனார். வேறு எங்கே போவது? தறி இல்லை. காட்டில் வருடத்தில் பாதி நாள் வேலை இல்லை.

நான் அந்த வேலையை விட்டுப் போகவில்லை. கோபம் வந்தால் அன்றே மூட்டையைக் கட்டுகிறவன். கோபத்தினால் ஒரு இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. மூன்று மாதமும் அந்த நாலாவது மாடி மேடம் எதிரில் வரும்போதெல்லாம் நின்று வணக்கம் வைத்தேன். அவரும் சிரித்தபடி வணக்கம் சொல்வார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாம் மாதம் முடிந்து ரிசல்ட் வாங்க நானும் அக்காவோடு போனேன். ஜன்னலில் காகிதத்தை நீட்டினார்கள். அக்கா அதை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி இரண்டு முறை படித்தேன். பிறகு ஜன்னலில் இருந்தவரிடமே ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்கக்கா. சுத்தமா இருக்குது."

"நல்லாப் பாத்தியா?"

"அவங்களையும் கேட்டுட்டேனுங்க."

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். அக்கா பாதி டீயில் சொன்னார், பெண் படிப்பு முடித்துவிட்டாள், கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள், அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடைத்திருக்கிறது என்று.

"அங்கயேவா? உங்களுக்கு வேண்டாம்னு தோணலீங்களா?"

"எங்க போனாலும் இந்த மாதிரி ஒண்ணுதான் சாமி இருக்குது. பேரு போர்டுதான் வேற." டீயை ஊதினார். "முள்ளு ஏறுனத இன்னிக்குத்தான் அவகிட்டச் சொல்லப் போறேன். காயிதம் கைக்கு வந்திருச்சுல்ல."

"சேர்ற அன்னிக்கே வெள்ளை டப்பா இருக்குதான்னு பாக்கச் சொல்லுங்கக்கா."

"அதெல்லாம் அவ பாத்துக்குவா. படிச்ச புள்ள, ஊசிய ஊசின்னுதான் எழுதுவா. நீதான் கை கூசாம முள்ளுன்னு எழுதுன."

"நீங்கதானக்கா எழுதச் சொன்னீங்க?"

"நாஞ் சொன்னா? எட்டாவது படிச்சவன் நீ. உனக்கு எங்க போச்சு புத்தி?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெண்ணந்தூர் பஸ் வந்தது. "வாரேன் சாமி" என்று ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்போது அந்தக் காகிதத்தை எடுத்து விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னதை நம்பித்தான் போனார்.